பூச்சி படிச்ச காமன் புத்தகம்

கொழுந்து பறக்காது. முப்பது வருசமா ஸ்டோர்ல, அதாங்க தேயில ஃபேக்டரியில, மேல்மாடியில கொழுந்து வாட்டுனவன் நான், அது எனக்கு நல்லாத் தெரியும். கம்பி வலையில பரப்பி விட்டு, அடியில இருந்து ஃபேன் எவ்வளவு காத்த ஊதினாலும், கொழுந்து படுத்த எடத்துலயே படுத்துக்கிட்டு வாடும். நல்ல புள்ள அது.

தாள் அப்படி இல்லீங்க.

அன்னைக்கு நான் கீழ எறங்கி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, திரும்பப் படியேறி மேல்மாடிக் கதவத் தள்ளுறேன். உள்ளுக்க ஒரே கொக்குக் கூட்டம். நாப்பது அம்பது கொக்கு இருக்கும். உத்தரத்துல மோதுது, சன்னல் கண்ணாடியில ஒட்டுது, சுத்திச் சுத்தி வருது. ஒண்ணு நேரா வந்து என் மூஞ்சியில அப்பிக்கிச்சு. பிச்சு எடுத்துப் பாத்தா, பழுப்பு மையில யாரோ எழுதின கையெழுத்து.

எங்க தோட்டத்துக் காமன் புத்தகம். நூறு வருசத்துக்கு மேல ஒண்ணா இருந்த தாளு. அதப் பிரிச்சு விட்ட புண்ணியவான் நான்தான்.

வாயத் தொறந்துக்கிட்டு நின்னேன். வேற ஒண்ணும் செய்யல.

இத எழுதுறது நான் இல்லன்னு வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் போன்ல பேசி அனுப்புறேன், பத்திரிக ஆபீசுல ஒரு தங்கச்சி கேட்டுக் கேட்டு எழுதுது. "அண்ணே, மூக்குச் சிந்துறத எல்லாம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பாதீங்க"ன்னு போன வாரம் சொல்லிருச்சு. இந்த வாரம் சத்தம் கேட்டா பொறுத்துக்கம்மா. எனக்குத் தடுமன் இல்ல.

சாவி எங்கிட்ட வந்த கத

எங்க தோட்டம் வட்டகொடையில இருந்து பூண்டுலோயா போற பக்கம். கோயிலுக்குப் பக்கத்துல ஒரு தகரக் கூர வாசிகசாலை. அதுக்குள்ள ஒரு மேச, ரெண்டு பெஞ்சு, ஒரு கண்ணாடி பீரோ. பீரோவுக்குள்ள பழைய புத்தகம். கப்பல்ல வந்தவங்க துணி மூட்டைக்குள்ள சுத்திக் கொண்டாந்தது, பழைய கணக்கப்பிள்ள ஒருத்தர் சாகும்போது குடுத்துட்டுப் போனது, தோல் அட்ட போட்டது, அட்டையே இல்லாததுன்னு எல்லாம் இருந்துச்சு.

மொத செக்ரட்டரி நல்லாப் படிச்ச ஆளு. படிக்கக் கொண்டு போனத திருப்பிக் கொண்டாரல. ரெண்டாவது செக்ரட்டரி கொழும்புக்கு வேலைக்குப் போனாரு, நாலு புத்தகமும் கூடவே வேலைக்குப் போயிருச்சு. மூணாவது ஆளு ரொம்ப அக்கறையானவரு. கிழிஞ்ச தாள ஒட்டுறேன்னு மைதா மாவுல கூழு கிண்டி எல்லாத்துக்கும் தடவினாரு. அன்னைக்கு ராத்திரி கரப்பானுக்கெல்லாம் கல்யாண விருந்து.

பொறகு கூட்டம் போட்டாங்க. யாருகிட்ட சாவி குடுக்குறதுன்னு ஒரே சண்ட. அப்ப மாரிமுத்து எந்திரிச்சான். மாரிமுத்து என் கூட்டாளி. ஒரே லயத்து வரிச வீட்டுல பொறந்து, ஒரே பீலித் தண்ணியில குளிச்சு, காலையில வேலைக்குப் பேரு குடுக்குற ஒரே பெரட்டுல ஏச்சு வாங்குனவங்க நாங்க.

"ஏம்ப்பா இவ்வளவு ரோசன? படிக்கத் தெரியாதவன்கிட்ட குடுங்க. எடுத்துட்டும் போகமாட்டான், எடுத்துட்டுப் போறவன்கிட்ட மயங்கவும் மாட்டான்."

எல்லாரும் ஒரே நேரத்துல என்னயப் பாத்தாங்க. எவ்வளவு மரியாத பாருங்க.

நான் ரெண்டாம் வகுப்பு பாதி வரைக்கும் போனவன். தராசுல நம்பர் பாக்கத் தெரியும். சுப்பையான்னு என் பேர எழுதத் தெரியாது, வரையத் தெரியும். கறுப்புக் கயித்துல சாவியக் கோத்து அன்னைக்கே கழுத்துல மாட்டிவிட்டாங்க. என் பொஞ்சாதி உசுரோட இருந்தப்ப சொல்லுவா, "நீ எனக்குக் கட்டுன தாலிய விட இது பெருசா இருக்கு"ன்னு.

வேப்பெலையும் வெள்ளத் துணியும்

ஒரு தடவ கண்டிப் பக்கத்துக் கேம்பஸ்ல இருந்து ஒரு சார் வந்தாரு, பழைய புத்தகம் பாக்க. வந்த ஒடனே கையில வெள்ள உறைய மாட்டுனாரு. பாவம், மனுசனுக்குச் சொறி போலன்னு நெனச்சு நான் ரெண்டடி தள்ளி நின்னேன்.

அவரு மத்ததையெல்லாம் பாத்துட்டு காமன் புத்தகத்துல வந்து நின்னுட்டாரு. அது அச்சுப் புத்தகம் இல்ல. மாரிமுத்தோட தாத்தாவுக்கு அப்பா கையால எழுதுனது. அந்தக் காலத்துல ஸ்டோர்ல வேணாம்னு போட்ட நீட்டுக் கணக்குப் புத்தகத்துல, மாசி மாசம் ஆடுற காமன் கூத்த மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எழுதி வச்சிருந்தாரு. இந்த மாதிரி முழுசா வேற எங்கயும் பாத்ததில்லன்னு அந்த சார் சொன்னாரு. மனுசன் எல்லாத்தயும் எழுதுனவரு, பக்கத்துக்கு ஒரு நம்பர் மட்டும் போடாம விட்டுட்டாரு. அது எனக்குன்னு வச்ச வென.

"ஐயா, இத வெயில்ல காட்டாதீங்க. நெருப்புக்கிட்ட கொண்டு போகாதீங்க. நனஞ்சிருச்சுன்னா காத்துல மட்டும் காய வைங்க. சுத்தமான வெள்ளத் துணியில சுத்தி வைங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. என்னய ஐயான்னு கூப்பிட்ட மொத ஆளு அவருதான். அதனால ஒரு சொல்லு விடாம மண்டையில ஏத்திக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பீரோவத் தொறப்பேன். சவர பிரஷ்ல தூசி தட்டுவேன். காஞ்ச வேப்பெல வைப்பேன். எங்க குளிருக்கு வேப்ப மரம் வராதுங்க, தலவாக்கல டவுன்ல கட வச்சிருக்கிற ரவூப் நானாதான் கீழ் நாட்டுல இருந்து எடுப்பிச்சுக் குடுப்பாரு.

"என்னப்பா சுப்பையா, மாசா மாசம் வேப்பெல கேக்குற. புத்தகத்துக்கு அம்ம போட்டிருக்கா?"

"ஆமா நானா, ஒடம்பெல்லாம் ஓட்ட."

பொய் இல்ல. ராமபாணப் பூச்சி ஒண்ணு காமன் புத்தகத்துக்குள்ள புகுந்திருந்துச்சு. முன்னட்டையில கடுகளவு ஓட்ட. தாளப் பொரட்டப் பொரட்ட ஓட்ட கூடவே வருது. கற்பூரம் வச்சேன், போயில வச்சேன், ஊதிப் பாத்தேன், ஏசிப் பாத்தேன். அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. நான் ஒரு நாளு பெஞ்சுல குந்திக்கிட்டு அழுத மாதிரி இருக்க, மாரிமுத்து வந்து அந்த ஓட்டையில கண்ண வச்சுப் பாத்தான்.

"விடு மச்சான். இந்த வாசிகசாலைக்குத் தவறாம வந்து மொத பக்கத்துல இருந்து படிக்கிற ஒரே ஆளு அவன்தான். அவனயும் வெரட்டிறாத."

ரதி வேசம்

காமன் கத உங்களுக்குத் தெரியும். சிவன் கண்ணத் தொறந்து காமன எரிச்சிருவாரு. பொஞ்சாதி ரதி சாம்பலுக்குப் பக்கத்துல குந்தி அழுவா. மூணாம் நாளு காமன எழுப்பி விடுவாங்க. எரிஞ்சவர எழுப்பாம விடக்கூடாது, அது எங்க தோட்டத்துக் கட்டுப்பாடு.

ரதியா வேசம் போடுறது மாரிமுத்து. மாசி பொறந்தா மீசைய எடுத்துருவான். பொஞ்சாதி பாக்கியத்தோட சீலையக் கட்டிக்கிட்டு, காமன் புத்தகத்த மடியில விரிச்சு வச்சுக்கிட்டு ரதி அழுகைய ஆரம்பிப்பான். புத்தகத்தப் பாக்கவே மாட்டான், எல்லாம் மனசுல இருந்துச்சு. ஆனா மடியில அது இருக்கணும். கொழந்தய வச்சிருக்கிற மாதிரி வச்சிருப்பான்.

பாக்கியம் எனக்குத் தங்கச்சி மொற. பெரட்டுக்களத்துல அவ சிரிச்சா வேல வாங்குற கண்டாக்கையாவே ஏச வந்தத மறந்துருவாரு. ஒரு வருசம் புத்தகத்தோட தையல் விட்டுப் போச்சுன்னு கொழுந்துச் சாக்கு தைக்கிற நூலுல அவதான் தச்சுக் குடுத்தா. எறும்பு வரிசையாப் போற மாதிரி ஒரு தையலு. அதத்தான் நான் அறுத்தேன்.

மல எறங்குன வாரம்

அத ரொம்பச் சொல்ல வரல எனக்கு.

கார்த்திக மாசம். விடாம மழ. மேல் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குன்னு சொல்லி எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்லிட்டாங்க. போய்ட்டோம். ஸ்கூல் வெறாந்தாவுல தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. மாரிமுத்து கோப்பைய வாங்குனவன் கீழ வச்சான்.

"மச்சான், மாடு கட்டுல கெடக்கு. அவுத்து விட்டுட்டு ஓடியாறேன். என் தேத்தண்ணிய குடிச்சிறாத, நீ குடிக்கிறவன்."

மாடு வந்துச்சு. தன்னால நடந்து, ஸ்கூல் கேட்டுக்கிட்ட வந்து நின்னுச்சு. கழுத்துல அறுத்த கயிறு தொங்குச்சு. அது வந்த பொறகுதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

தேத்தண்ணிய நான் குடிக்கல.

லயத்துல ஆறு காம்பரா வீடு, வாசிகசாலையில பாதி, எல்லாம் மண்ணுக்குள்ள. ஸ்கூல்ல எல்லாரையும் எண்ணிப் பாத்தாங்க. ஒருத்தன்தான் கொறஞ்சான். நாங்க தோண்டினோம். ஆமிக்காரப் பயலுக தோண்டினாங்க. அஞ்சாம் நாளு, மேல இன்னும் மண்ணு நிக்குது, இனி தோண்டுனா தோண்டுறவன் போயிருவான்னு நிப்பாட்டிட்டாங்க.

தோண்டுனதுல கெடச்சது பீரோதான். குப்புறக் கெடந்துச்சு. கண்ணாடி போயிருச்சு. புத்தகமெல்லாம் சேத்துத் தண்ணியில ஊறிப்போயி. பாதிக்கு மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அறுத்த செங்கல்லு மாதிரி ஆயிருச்சு. காமன் புத்தகம் மட்டும் நான் சுத்தி வச்ச வெள்ளத் துணிக்குள்ள இருந்துச்சு. ஈரந்தான், ஆனா புத்தகமா இருந்துச்சு.

ஸ்கூல் மண்டபத்து மூலையில பாக்கியம் குந்தியிருந்தா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பொம்பளைக எல்லாம் கட்டிப்புடிச்சு அழுறாங்க, இவ அவங்க முதுகத் தட்டிக் குடுக்குறா.

"அண்ணே, காமன் புத்தகம் கெடச்சிருச்சாமே?"

"கெடச்சிருச்சு தங்கச்சி."

"ஒடம்பு கெடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. முப்பதாம் நாளு அந்த மண்ணு மேல நின்னு ரதி அழுகைய படிக்கணும். அவரு பாடுன வரிசையில, ஒரு வரி முன்னுக்குப் பின்ன ஆகக்கூடாது." முந்தானைய இழுத்து நெஞ்சுல அழுத்திக்கிட்டா. "எனக்கு அழுக வரமாட்டேங்குதண்ணே. நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குது. அதக் கேட்டாத்தான் வரும்."

"படிக்கலாம்"னேன். இந்த வாயி இருக்கே, எல்லாத்துக்கும் சரின்னு சொல்லும்.

கொழுந்து வாட்டுற மாதிரி

வெயில் கூடாது. அது சுலபம், வெயிலே இல்ல. நெருப்பு கூடாது. காத்துல காய வைக்கணும். பனிமூட்டத்துல காத்து எங்க இருக்கு? காத்தே தண்ணியா இருக்கு. அப்பத்தான் எனக்கு மேல்மாடி ஞாபகம் வந்துச்சு. ரோட்டுல மண்ணு விழுந்து கொழுந்து லொறி வராததால ஸ்டோர் சும்மா கெடந்துச்சு. அன்னைக்குத்தான் கரண்டும் திரும்ப வந்திருந்துச்சு.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் மாத்தயா வாசல்ல நின்னாரு. சிங்கள ஆளு, கோவக்காரரு. என் கையில இருந்த சேத்து மூட்டயப் பாத்தாரு.

"மொக்கத மே, சுப்பையா?" இது என்னன்னு கேட்டாரு.

"பொத மாத்தயா. மாரிமுத்துகே பொத."

மாரிமுத்தோட புத்தகம்னு சொன்னதும் அவரு வழிய விட்டாரு. ஒவ்வொரு மாசியும் நாற்காலி போட்டு முன் வரிசையில குந்திக் கூத்துப் பாக்குற மனுசன் அவரு. தானே போயி ஃபேன் சுவிட்சப் போட்டுட்டு, கதவச் சாத்திட்டுக் கீழ எறங்கிட்டாரு.

மேல்மாடியில ஒரு சட்டம் உண்டு. கொழுந்தக் குமிச்சு வச்சா சூடேறி செவந்து நாசமாயிரும். மெல்லிசாப் பரப்பணும். முப்பது வருசமா என் கைக்குத் தெரிஞ்ச ஒரே படிப்பு அது. புத்தகத்தப் பாத்தா குமிச்சு வச்ச கொழுந்தாத்தான் தெரிஞ்சுச்சு. கவ்வாத்துக் கத்திய எடுத்தேன். பாக்கியத்தோட தையல அறுத்தேன். ஒவ்வொரு தாளா, பச்சப் புள்ளக்கி சட்ட கழட்டுற மாதிரி உரிச்சு, கம்பி வலை மேல பரப்புனேன். ஒண்ணு கூடக் கிழியல. ஈரத் தாளு, கனமா அப்படியே படுத்துக்கிச்சு.

அத நின்னு பாத்தப்ப எனக்கு என்ன ஒரு பெரும! அந்தக் கேம்பஸ் சார் வந்து பாத்தா கையொறையக் கழட்டி எனக்கு மாட்டி விட்டுருவாருன்னு நெனச்சேன். அந்தச் சந்தோசத்துலதான் தேத்தண்ணி குடிக்கக் கீழ போனேன்.

ஈரம் போனா தாளுக்குக் கனம் இருக்காதுன்னு எனக்கு ஒறைக்கல. வாடுன கொழுந்துல கூட பாதித் தண்ணி இருக்கும். தாளுல என்னங்க இருக்கு? எழுத்துதான். அதுக்குக் கனம் இல்ல.

ஃபேன நிப்பாட்டி, ஒவ்வொண்ணாப் பொறுக்குனேன். நாப்பத்தாறு தாளு. எல்லாம் இருக்கு. எது மொதல்ல, எது அடுத்ததுன்னு மட்டும் இல்ல.

கொழுந்துல மொத எல, கடைசி எலன்னு பாக்க மாட்டோம். எங்க விழுந்தாலும் தேயில தேயிலதான். புத்தகமும் அப்படித்தான்னு நெனச்ச ஒரே மடையன் இந்த ஒலகத்துல நானாத்தான் இருப்பேன்.

"காஞ்சிருச்சா அண்ணே?"

அந்திக்கு அந்தி பாக்கியம் கேப்பா. "காயுதும்மா, காயுது"ன்னு சொல்லுவேன். இருவது நாளா ஒரு புத்தகம் காஞ்சா அது அப்பளமாத்தான் இருக்கும். அவ அதுக்கு மேல கேக்கமாட்டா. அதுதான் எனக்குச் சோறு எறங்காமப் பண்ணுச்சு.

பொறுக்க முடியாம புள்ளக்காம்பரா லெச்சுமிகிட்ட போனேன். தாய்மாருக கொழுந்தெடுக்க மலைக்குப் போறப்ப கைக்கொழந்தைகள விட்டுட்டுப் போறதுதான் புள்ளக்காம்பரா. லெச்சுமி அங்க ஆயம்மா. எங்க தோட்டத்துல பழைய கையெழுத்த முக்காம முனகாம வாசிக்கிறது அவதான். எல்லாத்தயும் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டா, என் தலையில.

"அறிவுகெட்ட மனுசா! தையலப் பிரிக்கையில அடையாளம் வைக்கக் கூடாதா?"

"எனக்கு எழுதத் தெரியாதே."

"ஒரு கோடு போடத் தெரியாதா? ஒனக்கு, ஒனக்கு..." கொழந்தைக தூங்குதுன்னு மிச்சத்த முழுங்கிட்டா.

தாளப் பரப்பி வாசிச்சுப் பாத்தா. "இதுல காமன் எரிஞ்சிட்டாரு. அடுத்த தாளுல கல்யாணம் கட்டுறாரு."

"சரியாத்தானே இருக்கு, கட்டுன பொறகு எரியறதும் எரிஞ்ச பொறகு கட்டுறதும்..."

கண்ணாடிக் கூட்டால மண்டையில ஒண்ணு விட்டா.

கத நடக்குற எடத்த எல்லாம் அவ ஒரு மாதிரி அடுக்கிட்டா. ரதி அழுகைக்கு வந்ததும் கைய விரிச்சிட்டா. பதினோரு தாளு, எல்லாத்துலயும் அழுகதான். எந்த அழுக முந்தி எந்த அழுக பிந்தின்னு எத வச்சுச் சொல்றது? சொல்லத் தெரிஞ்ச ஒருத்தன் மண்ணுக்குள்ள கெடக்கான்.

முப்பதுக்கு ஆறு நாளு இருந்துச்சு. மத்தியானம். புள்ளக்காம்பரா சன்னல்கிட்ட குந்தி ஒரு தாளத் தூக்கிப் புடிச்சிருந்தேன். வாசிக்க இல்ல, மொகத்த மறைக்க. பாக்கியம் வெளிய தண்ணிக் கொடத்தோட போய்க்கிட்டிருந்தா.

அப்ப தாளுல இருந்து ஊசி மொனை மாதிரி ஒரு வெளிச்சம் என் கண்ணுல வந்து குத்துச்சு.

ஓட்ட. அந்தக் களவாணிப் பூச்சி போட்ட ஓட்ட.

இன்னொரு தாள எடுத்தேன். அதுலயும் ஓட்ட, ஆனா கொஞ்சம் தள்ளி. இன்னொண்ணு, இன்னும் தள்ளி. அந்தப் பய நேரா போகல. சம்பள நாளு டவுனுல இருந்து நாங்க வர்ற மாதிரி, கோணிக்கிட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு போயிருக்கான். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மயிரளவு நகந்திருக்கான். ஒரு தாள் மேல இன்னொரு தாள வச்சேன். ஓட்டையும் ஓட்டையும் பொருந்துனா வெளிச்சம் வரும். வந்துச்சுன்னா அது ரெண்டும் பக்கத்து வீடு.

"லெச்சுமி! எனக்கு எழுத்துதான் தெரியாது, ஓட்ட தெரியும்!"

கொழந்தைக எல்லாம் முழிச்சிருச்சு.

மூணு நாளு. எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் முன்னன்னு அவ சொல்லுவா, நான் வெளிச்சத்துல வச்சு ஓட்டையப் பொருத்துவேன். பொருத்துனத அவ வாசிச்சுப் பாப்பா. "சரியா இருக்கண்ணே... இதுவும் சரி"ன்னு சொல்லச் சொல்ல அவ கொரலு கம்மிக்கிட்டே போச்சு. என் வாழ்க்கையில நான் ஒழுங்காப் படிச்ச ஒரே புத்தகம் அதுதான். எழுத்து இருக்கிற எடத்த விட்டுட்டு, இல்லாத எடத்தப் படிச்சேன்.

நாப்பத்தி நாலாம் தாளுல ஓட்ட பாதியில நின்னுருச்சு. லேசாச் சொரண்டுன அடையாளம் மட்டுந்தான். அங்கயே செத்திருக்கும் போல. அவ்வளவு தூரம் வந்து முடிவு தெரியாமப் போயிருச்சு, பாவம். நான் எத்தன தடவ அது சாகணும்னு கற்பூரம் ஏத்தியிருக்கேன்.

மிச்சம் ரெண்டு தாளு. ஒண்ணு ரதி அழுகையோட முடிவு. இன்னொண்ணு, கடைசித் தாளு, காமன எழுப்புறது.

ரவூப் நானா கடையில நூல் வாங்கி நானே தச்சேன். பன்னி கெழங்கு தோண்டுன மாதிரி ஒரு தையலு. வெள்ளத் துணிக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப் போகுதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

முப்பதாம் நாளு

மண்ணு மேல புல்லு மொளைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதப் பாக்க எனக்குக் கோவமா வந்துச்சு. மாடு ஓரத்துல நின்னு அதத்தான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

காமன் கமிட்டித் தலைவர் கந்தசாமி அண்ணன், "ரதி அழுகைய ஒரு பொம்பள படிக்கிறதா?"ன்னு முணுமுணுத்தாரு.

லெச்சுமி புத்தகத்தத் தொறந்துக்கிட்டே கேட்டா, "ஏண்ணே, ரதி என்ன ஆம்பளையா?"

அவ பாடல. வாசிச்சா. கொழந்தய ஒறங்க வைக்கிற அதே கொரலு. சாம்பலுக்கு முன்னால குந்தி ரதி கேக்குறா, இதுல எது உன் கை, எது உன் கால், நான் எதத் தொட்டு அழுவேன்னு. பனி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. பாக்கியம் சப்பாத்து இல்லாத காலோட நின்னவ, மெதுவாக் குந்துனா. ரெண்டு கையாலயும் மண்ண அள்ளுனா. அள்ளிப் பாத்தா. பொறகு அந்தக் கல்லு ஒடஞ்சுச்சு.

அந்தச் சத்தத்த நான் போன்ல சொல்ல மாட்டேன். மாடு மேயறத நிப்பாட்டித் தலையத் தூக்குச்சு, அவ்வளவுதான் சொல்லுவேன்.

பதினோரு தாளும் முடிஞ்சிச்சு. ஒரு வரி மாறல. லெச்சுமி கடைசித் தாளப் பொரட்டுனா.

"ம், எழுப்பிரு. எழுப்பாம விடக்கூடாது"ன்னாரு கந்தசாமி அண்ணன்.

பாக்கியம் எந்திரிச்சு வந்தா. தாள் மேல கைய வச்சா, சேத்துக் கை. "வேணாம் அக்கா."

கந்தசாமி அண்ணன் விடல. "பாக்கியம், இது கட்டுப்பாடும்மா. அழுகையோட நிப்பாட்டுனா தோட்டத்துக்கு ஆகாது."

"அவரு கெடைக்கட்டும். கெடச்ச பொறகு எழுப்பிக்கலாம்."

அவ கை தாள்ல இருந்து நகந்து தையலுக்கு வந்துச்சு. வெரலால அந்தப் பன்னித் தடத்தத் தடவிக்கிட்டே போனா, மேல இருந்து கீழ வரைக்கும். நிமிந்து என்னயப் பாத்தா.

"அண்ணே, இந்தத் தாள மட்டும் தனியா எடுத்துக் குடு. பிரிக்கத்தான் ஒனக்கு நல்லாத் தெரியுமே."

அழுத கண்ணோட ஒரு சிரிப்பு சிரிச்சா. பெரட்டுக்களத்துச் சிரிப்பு, அதுல காவாசி.

மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சேன். மடியில இருந்த கத்திய எடுத்து, நான் போட்ட முடிச்ச நானே அறுத்தேன்.

தாள அவ வாங்கிக்கல. "நீயே வச்சிரு. பூச்சி வராம பாத்துக்க"ன்னா.

மாசி

இப்ப பீரோ ஸ்டோர் கீழ் மாடியில ஒரு மூலையில இருக்கு. டீமேக்கர் மாத்தயா எடம் குடுத்தாரு. கண்ணாடி இருந்த எடத்துல பலக அடிச்சிருக்கேன். மேல் தட்டுல காமன் புத்தகம், நாப்பத்தஞ்சு தாளு. கீழ் தட்டுல தனியா வெள்ளத் துணிக்குள்ள ஒரு தாளு. ஞாயித்துக்கெழம வேப்பெல மாத்துறேன். வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாக்குறேன். இன்னும் ஓட்ட விழல.

மாசி வந்துச்சு. பாதிச் சனம் வேற எடத்துக்குப் போயிருந்துச்சு, இருந்தவங்க காமன் கம்பம் நட்டாங்க. ரதி வேசத்துக்கு ஆள் இல்ல, லெச்சுமிதான் குந்தி வாசிச்சா. காமன் எரிஞ்சாரு. மூணாம் நாளு விடிய கந்தசாமி அண்ணனும் கமிட்டிக்காரங்க நாலு பேரும் ஸ்டோருக்கு வந்தாங்க.

"சுப்பையா, கடைசித் தாள எடுப்பா. எழுப்பணும்."

"பீரோ சாவிய காணோம்ணே."

சாவி என் கழுத்துல தொங்குச்சு. சட்டைக்கு மேலதான் தொங்குச்சு. அஞ்சு பேரும் அதப் பாத்தாங்க. நானும் குனிஞ்சு பாத்தேன்.

கந்தசாமி அண்ணன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. "கெடச்சா சொல்லு"ன்னாரு. எல்லாரும் எறங்கிப் போய்ட்டாங்க.

அந்த வருசம் எங்க தோட்டத்துல காமன எழுப்பல.